எதிரே ஒருவரும் வராத றோட்டு

சிவமயம்

நமுனுகுல,
13-10-1957.

அன்புள்ள மகன் இரகுநாதனுக்குச் சின்னம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். அங்கே இங்கிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச் சளிக்கு இடம் கொடாமல் நீரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். சென்ற மாதம் அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்ததா என்று நீர் எழுதவில்லை. இங்கே மழை முந்திவிட்டது, பின்னேரமானால் மலையும் இல்லை, தோட்டத்துச் சனம் இருக்கிற லயங்களும் இல்லை, எல்லாவற்றையும் மூட்டம் விழுங்கிவிடுகிறது.

உமது படத் தபாலட்டை போன கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் கார்களின் தேய்ந்த சில்லைக் கழற்றி மாற்றுகிறவர்களோடு நீரும் நிற்பதாக எழுதியிருந்தீர். முன்பென்றால் அது என்ன வேலை என்று எனக்கு விளங்கியிராது, இப்போது விளங்குகிறது, ஏனென்றால் ஆவணியில் பதுளையில் மோட்டார்ப் பந்தயப் படம் ஒன்று ஓடியது, அப்பாவும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். புத்தகங்களை வாசித்து நான் மனதில் கட்டி வைத்திருந்த பந்தயம் வேறு, இது வேறு. கமராவைக் காரின் மூக்கிலேயே கட்டிவிட்டார்கள் போலும், றோட்டு அப்படியே எங்கள் மடியில் வந்து விழுந்தது. தமையனைப் பந்தயத்தில் பறிகொடுத்த ஒருவன், தமையன் செத்த அதே வளைந்த முடக்கைக் கடைசிப் பந்தயத்தில் பிரேக்கைத் தொடாமல் கடக்கிறான், கதை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம்! அந்த வேகம்! சில்லு மாற்றுகிறவர்கள் பாய்ந்து விழுந்து வேலையை முடித்துவிட்டு, கார் போனபின் வெறுங்கையோடு நிற்பார்கள், அவர்களில் ஒருவராக உம்மை வைத்துப் பார்த்தேன். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டது எனக்கே தெரியவில்லை. முன்வாங்கு முழுக்கத் தோட்டத்துச் சனம். எங்கள் பக்கத்தில் முடக்குக்கு முடக்கு வண்டியை நிறுத்தி, ஹோர்ன் அடித்து, மறுபக்கம் வண்டி இல்லையென்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதானே எடுப்பார்கள். அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவனும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒவ்வொரு முடக்கிலும் முன்வாங்கிலிருந்து, ஆரன அடிடா, ஆரன அடி என்று கத்தினார்கள், ஒருத்தி எழுந்து நின்று, அடப் பாவி, புள்ளகுட்டிக்காரன் ஓட்டுற மாதிரியா ஓட்டுற என்று திட்டினாள், கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும் ஒரு தடவை கத்திவிட்டேன். சபையில் சத்தமாகத் தும்மவும் கூசுகிறவள் நான், உமக்குத் தெரியும்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வலது கால் முன்வாங்கின் சட்டத்தை உதைத்து மிதித்துக்கொண்டே இருந்தது, முன்னாலிருந்தவர் திரும்பி, ஐயா, இது பெஞ்சுங்க, காரு இல்ல, எவ்வளவு மிதிச்சாலும் நகராது என்றார், அதற்கும் சனம் சிரித்தது. அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. மிதி, மிதி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். படம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் தேத்தண்ணீரை வாங்கிக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார். பிறகு நான் கேளாமலே சொன்னார், அண்டைக்கும் நல்ல மூட்டம், இராசமணியைப் பின்னுக்குப் படுக்க வைச்சுப்போட்டு ஒவ்வொரு முடக்கிலையும் நிண்டு நிண்டு போனனான், தம்பி முன்னுக்கிருந்து ஓடுங்கோ அப்பா, ஓடுங்கோ எண்டு அழுதவன், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகேக்கை அவளும் இல்லை, வயித்துப் பிள்ளையும் இல்லை என்று. தம்பி என்றது உம்மைத்தான், உமக்கு இது புதிதல்ல. நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவருடைய வாயால் நான் கேட்டது அன்றுதான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சராக எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர், உமது அம்மாவுக்குத் தன்னால் ஏலாது என்று கண்டு பதுளைக்குக் கொண்டுபோன வழியில் அது நடந்தது. அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டவில்லை என்பதைத்தான் எல்லாரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது, பிறர் எழுதி நீர் அறிவதிலும் நானே எழுதுவது முறை. மார்கழிக் கடைசியில் உமக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறக்க இருக்கிறது. இதை நீர் எப்படி எடுத்துக்கொள்வீர் என்று நினைத்து நினைத்தே இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் படத்தை அப்பா பிறகு தனியே போய்ப் போய்ப் பார்த்தார். மருந்து எடுக்கப் போகிறேன் என்பார், சட்டைப் பையில் டிக்கற் துண்டு இருக்கும். பிறகு ஒரு நாள் கொட்டிலில் படங்கு மூடிக் கிடந்த ஒஸ்ரின் காரை வெளியே தள்ளச் சொன்னார். தோட்டத்து லொறி ஓட்டுகிற வீரசிங்கம்தான் பல நாள் மினக்கெட்டு அதற்கு உயிர் கொடுத்தார். நான் சந்தோஷப்பட்டேன், துக்கம் ஒருவாறு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஞாயிறு தோறும் வீரசிங்கத்தைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பதுளை வரை ஓடினார். ஒரு திங்கட்கிழமை வீரசிங்கம் குசினி வாசலில் வந்து நின்றுகொண்டு, அம்மா, நான் சொன்னேன்னு ஐயாகிட்டச் சொல்லிறாதீங்க, ஐயாவுக்கு ஓட்டத் தெரியலன்னா சொல்லிக் குடுத்துருவேன், நல்லாத் தெரியுது, அதாங்க பயம், முடக்குல நிக்கிறதும் இல்ல, ஆரன் அடிக்கிறதும் இல்ல, நேத்து கொழுந்து லொறிக்கும் பள்ளத்துக்கும் நடுவால பூந்து வந்தோம், மாரியாத்தா முழிச்சிக்கிட்டு இருந்தா, இனிமே என்னயக் கூப்புட வேணாம்னு நீங்கதான் சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே போன ஞாயிறு நான் போனேன். முன்கதவைத் திறக்கப் போனபோது, இஞ்சேரும், பின்னுக்குப் படும் என்றார். பின் இருக்கையில் தலையணையும் மடித்த போர்வையும் வைத்திருந்தார். நான் படுத்தேன். படுத்தவளுக்கு றோட்டு தெரியாது, ஜன்னலில் மூட்டமும் இடையிடையே கறுத்த மரமும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. முடக்குகளில் என் உடம்பு கதவோடு போய் ஒட்டியது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பஸறைக்கு அப்பால் எங்கேயோ அவர் திரும்பாமலே மிகவும் மெல்லிய குரலில், இராசமணி, இன்னும் கொஞ்சத் தூரந்தான் என்றார். நான் ஓம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, யாராவது ஒருவர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் பேய் பிசாசு நம்புகிறவள் அல்ல, ஆனாலும் அந்த இருக்கையில் நான் தனியாகப் படுத்திருக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, பந்தயத்தில் வென்றவனைப்போல முகமெல்லாம் மலரத் திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அந்த மலர்ச்சி போய்விட்டது. பிறகு தோடம்பழம் வாங்கித் தந்தார்.

மெல்லப் போவோம் என்று நான் சொல்லாமல் இல்லை. மெல்லப் போய்க் கண்ட பலன் போதும் என்கிறார். நாள் நெருங்கினதும் பதுளையில் போய்த் தங்குகிறேன் என்றால், அவளுக்கும் நாள் கிடக்குது எண்டுதான் நினைச்சனான் என்கிறார். யாழ்ப்பாணத்துக்கு வரும்படி என் அண்ணா எழுதியிருக்கிறார். போனால் நானும் பிள்ளையும் தப்புவோம், அவர் இங்கே கார் ஓடுவது நிற்காது. மார்கழி மழையில் அந்த றோட்டு எப்படி இருக்கும் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரகு, நீர் எனக்கு எழுதுகிறீர், அடியில் அப்பாவுக்கும் சொல்லவும் என்று ஒரு வரி போடுகிறீர். அவருக்கென்று ஒரு தபாலட்டை இரண்டு வருடமாக இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்று வேகமாகப் போயிருந்தால் இராசமணி அக்கா தப்பியிருப்பாவா என்று எனக்குத் தெரியாது, உமக்கும் தெரியாது, வைத்தியம் படித்த அவருக்குமே தெரியாது. ஒன்பது வயதில் ஓடுங்கோ என்று நீர் அழுதது பிழையல்ல. அவர் ஒவ்வொரு முடக்கிலும் நின்றதும், பின்னுக்கு அவவும் முன்னுக்கு நீரும் இருந்தபடியால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் இன்னமும் அந்த அழுகைக்குத்தான் ஓடுகிறார். என் பேச்சு அங்கே எட்டாது, உம்முடையது எட்டும். அவருக்கு எழுதும். மன்னிப்பு, பாசம் என்று எழுத வராவிட்டால் கார்களைப் பற்றி எழுதும். பந்தயம் ஓடுகிறவர்களுக்கு றோட்டை மறித்துக் கொடுக்கிறார்கள், எதிரே ஒருவரும் வருவதில்லை, நமுனுகுல றோட்டில் வருவார்கள், ஆகையால் மெல்ல ஓடுங்கோ அப்பா என்று எழுதும். வேகத்தோடு பழகுகிற மகன் சொன்னால் அதற்கு ஒரு பெறுமதி இருக்கும்.

இன்றைக்கும் ஞாயிறு, அப்பா காலையில் காரோடு போனவர். இவ்வளவையும் எழுதும்போது என் காது றோட்டில்தான் இருந்தது. இப்போதுதான் கார் வந்து நின்றது. இடப்பக்கக் கதவுப் பிடியில் தேயிலைக் கொப்பு ஒன்று முறிந்து செருகிக் கிடக்கிறது. அவர் கை கழுவப் போய்விட்டார்.

வேளைக்குச் சாப்பிடும், ஈரச் சப்பாத்தோடு திரியாதேயும். நீர் நின்ற இடத்தில் நன்மையே சூழட்டும், உமது கை தொட்ட சில்லு ஒருவனையும் கைவிடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உம்மை மறவாத சின்னம்மா,
ப. ஞானேஸ்வரி

பி.கு. பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். தபால்காரர் வந்தால் அப்பாதான் முதலில் எழுந்து போகிறார். இங்கிலாந்து முத்திரையைக் கண்டு, மேலே எழுதியிருக்கும் பெயரை வாசித்துவிட்டு, உமக்குத்தான் என்று என்னிடம் தந்துவிட்டுப் போகிறார்.