கரி பஸ் நின்ற தெரு

1943, ஜனவரி 12
காலையில் ஜன்னலைத் திறந்தால் மயிலாப்பூரே இல்லை, புகைதான். எதிரே நிற்கும் கரி பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைப்பதில்லை என்று பஸ்ஸின் முதுகில் பெரிய உருளையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டுகிறார்கள். கனவில் வரும் மிருகம் மாதிரி மூச்சு விடுகிறது. ஜலஜாவுக்கு மூன்று நாளாக இழுப்பு. ஆறு வயதுக் குழந்தையின் மார்பு இப்படியா ஏறி இறங்க வேண்டும்?

ஜனவரி 14
பொறுக்க முடியவில்லை. டிரைவர் பீர் முஹம்மதிடம் சண்டைக்குப் போனேன்.
"பாய், எங்காத்துக் குழந்தைக்கு மூச்சு முட்டறது. இங்கேயேதான் மூட்டணுமா?"
அவர் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. "நா இன்னாம்மா செய்ய? மொதலாளி இங்கதான் வண்டிய நிறுத்தச் சொல்லிக்கீறாரு. எனக்கே தல சுத்திக்கினுதான் கீது."
திட்டப் போனவள் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 15
புகை இல்லை! நேற்று ராத்திரியே பாய் வண்டியைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தி, காலையில் அங்கேயே மூட்டிக்கொண்டு வந்தாராம். முதலாளிக்குத் தெரியாதாம்.

பிப்ரவரி 2
முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. பீர் முஹம்மதுக்கு வேலை போயிற்று. புது டிரைவர் எங்கள் ஜன்னலுக்கு நேரே மூட்டுகிறான். என்னாலதானே? என்னாலதான்.

பிப்ரவரி 11
மனசு கேட்காமல் என் வீட்டுக்காரரை அனுப்பி விசாரித்தேன். ராணுவ லாரி ஓட்டப் போகிறாராம். "அது பெட்ரோல் வண்டி, மயக்கம் வராதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாராம். அழுதேன்.

மே 3
அடையாற்றுக்குக் குடிவந்துவிட்டோம். "காத்தாவது கிடைக்கட்டும் கோமளம்" என்றார் இவர். மத்தியானம் முழுக்கத் தென்னை ஓலைகளின் சத்தம். ஜலஜா வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். அவள் மூச்சுக்கு ஓசையே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1946, நவம்பர் 9
மயிலாப்பூர் போனேன். கரி உருளைகளைக் கழற்றிவிட்டார்கள். தெரு கழுவி விட்டாற்போல் இருக்கிறது. ஆனால் லஸ் முனையைத் தாண்ட எத்தனை நேரம்! கார்கள், யுத்தத்தில் மிஞ்சிய லாரிகள் — அப்படியே நின்று ஏதேதோ நினைத்தேன். ஜலஜாவின் பேரன் காலத்தில் வீட்டுக்கு ஒரு மோட்டார் வருமோ? தேசம் முழுக்க ஓடுமோ? அன்று புகை கண்ணுக்குத் தெரிந்தது, போய்ச் சண்டை போட ஒரு மனிதரும் இருந்தார். கண்ணுக்குத் தெரியாத புகை வந்தால் யார் எதிரில் போய் நிற்பது?

1948, ஜூன் 24
மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற ஜலஜா ஒரு மைல் நடக்கிறாள். நேற்று மழையில் நனைந்து வந்தாள். மறுபடி இழுப்பு. ஐந்து வருஷமாக இல்லாதது.

ஜூன் 27
அடுத்த வீட்டு ராஜகோபாலன் வந்தார். "நம்ம தெரு வழியா பஸ் விடச் சொல்லி மனுப் போடறோம் மாமி. நீங்க எழுதினா நன்னாருக்கும்."
பஸ் புகைக்குப் பயந்து குடிவந்த நானா? சாயங்காலம் வரை பேனாவைத் தொடவில்லை.
பிறகு எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

செப்டம்பர் 6
பஸ் வந்தது. புத்தம் புதிய டீசல் வண்டி. ஜலஜா ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து கறுப்பாகப் புகை குபுக்கென்று வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையை அவள் மறையும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.