தலைக்கு மேலே கடல்

ஏப்ரல் 9, புதன்

பரீட்சை முடிந்து சும்மா இருந்தால் கை அரிக்கிறது. எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக் மாடிப்படியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: ‘திங்கள் முதல் லிஃப்ட் இயங்கும். பாஸ் வேண்டுவோர் போட்டோவுடன் கீழே வரவும்.’ மூன்று மாடிக் கட்டடம். லிஃப்டுக்குக் குழிகூட கிடையாது. முதல் மாடி கிருஷ்ணப்பன் மாமா போட்டோவோடு வந்து நின்றார். அதுவும் கல்யாண போட்டோ. பாதியைக் கிழிக்கவா, முழுசாகத் தரவா என்று அத்தையோடு சண்டை வேறு.

விஷயம் தெரிந்ததும், “எவன் வேல இது? அறிவு கீதா அவனுக்கு?” என்று கத்தினார்.

நான் மேலேயிருந்து, “கீறான் மாமா, கட்டில்ல பட்த்துகினு கீறான்” என்றேன்.

சிரிக்க வேண்டிய இடம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

அறிவு என் அண்ணன். போன நவம்பரிலிருந்து அந்த இரும்புக் கட்டில்தான் அவனுக்கு விலாசம். ஹார்பரில் கான்ட்ராக்ட் வேலை. கப்பல் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு துரு சுரண்டுவான். கயிறு அறுந்தது. இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்றுவிட்டார்கள். “விழுந்துட்டாம்மா” என்பதற்கு மேல் கான்ட்ராக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இவனும் சொல்லவில்லை. கேட்டால் மேலே பார்ப்பான்.

ஏப்ரல் 11

மாத்திரை டப்பாவை அம்மா தன் ஹேண்ட்பேக்கில் வைத்து வேலைக்கே எடுத்துப் போகிறாள். வேளைக்கு உண்டானதை மட்டும் என் கையில் கொடுத்து, “முழுங்கறானான்னு நின்னு பாரு” என்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இன்று அவன் சொன்னான்: “எழிலு, என்னைத் தூக்கி அந்தாண்ட போட்டுட்டு இந்த எடத்துல ஒரு சோஃபா வாங்கிப் போடு. ஜோரா இருக்கும்.”

வழக்கமாக நான்தானே இப்படியெல்லாம் பேசுவேன்? சோற்றை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 12

வீட்டு அலங்கார வீடியோ பார்ப்பதுதான் இப்போது என் தொழில். எங்கள் வீடு ஹால்-கம்-கிச்சன்-கம்-பெட்ரூம். அத்தனை ‘கம்’மையும் போட்டு ஒட்டினதில் ஒரே ரூம் ஆகிவிட்டது. வீடியோவில் வரும் அக்காவின் குளியலறைக்குள் எங்கள் மாடி மொத்தமும் குடியேறலாம். ஆனால் அந்த அக்கா ஒரு விஷயம் சொன்னாள்: அறைக்குள் நுழைகிறவர் கண் முதலில் எங்கே போகிறதோ, அங்கே வேலையைக் காட்டு.

நுழைகிறவர் கண் சரி. நுழையாதவன் கண்?

அறிவு தூங்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஃபேன். ஒழுகிக் காய்ந்த கறை. சுண்ணாம்பு உரிந்து கம்பி தெரியும் ஒரு இடம். ஐந்து மாதமாக என் அண்ணன் பார்ப்பது இவ்வளவுதானா! நான் சுவரில் மாட்டிய காகிதப் பட்டாம்பூச்சி எதுவுமே அங்கிருந்து தெரியவில்லை. எனக்கு நானே அழகு பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

அம்பேத்கர் பிறந்தநாள். எங்கள் காலடிப்பேட்டை முழுக்க நீலம். பையன்கள் கம்பம், வளைவு, பீடம் எல்லாவற்றுக்கும் எனாமல் அடித்து முடித்து டப்பாக்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். அடியில் நிறையவே மிச்சம். வெள்ளையும் கொஞ்சம். அள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே ஒளித்துவிட்டேன்.

எல்லோரும் சிலைக்கு மாலை போடப் போனோம். அறிவு வரமாட்டான். போன வருஷம் அவன்தான் பறை அடித்தான்.

ஏப்ரல் 16

முதுகில் படுக்கைப் புண். காய்ச்சல் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. படியில் தூக்கிப் போகும்போது முகத்தைத் துண்டால் மூடச் சொன்னான். யார் கண்ணிலும் படக்கூடாதாம். துண்டு மூடி ஒருவனைத் தூக்கிப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டாம் மாடிப் பாட்டி ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டது.

அம்மா அங்கேயே தங்குகிறாள். வீட்டில் நான் மட்டும். நானும் சீலிங்கும்.

ஏப்ரல் 19

கட்டில் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நான், ஸ்டூலைப் பிடித்தபடி நவ்ரீன். பத்தாவதிலிருந்து என் எல்லாக் குற்றத்திலும் கூட்டாளி.

“ஏன்டி, கடல்னா மேலேருந்து பாக்குற மாதிரிதானே வரைவாங்க? நீ ஏன் படகைக் கவுத்துப் போடுற?”

“கவுக்கலடி. அவன் கீழ படுத்துகினு பாக்கறான்ல? அவனுக்குப் படகோட அடிதான் தெரியணும். மேல சூரியன். வெளிச்சம் தண்ணில புகுந்து கோடு கோடா ஆடிகினு வரணும். அதான் டிசைன்!”

“பொல்லாத டிசைனு. மூஞ்சில பெயின்ட் ஊத்துது.”

இந்த யோசனை எந்த வீடியோவிலும் இல்லை. முழுக்க என் மண்டையில் உதித்தது. சின்ன வயசில் காசிமேட்டில் குதித்துக் குதித்து நீந்தினவன் அவன். பெரிய மீன், குட்டி மீன், நடுவில் பெரிய கறுப்பு அடிப்பாகத்தோடு ஒரு கப்பல். ஒழுகின கறையைத் திமிங்கலமாக்கிவிட்டேன். வெளிச்சக் கோட்டை மட்டும் மூன்று முறை அழித்து வரைந்தேன். கழுத்து திரும்பவில்லை. என் வாழ்க்கையில் யாரையும் ஏமாற்றாமல் செய்த முதல் பிராங்க் இது.

ஏப்ரல் 22

எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாலு பேர் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். முகத்தில் துண்டு. நான் “டொட்டொடொயிங்!” என்று துண்டை உருவினேன்.

கண்ணைத் திறந்தான். சீலிங்கைப் பார்த்தான். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மூச்சுப் பிடித்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. விளையாடறான்னு நெனச்சேன். சத்தியமா விளையாடறான்னுதான் நெனச்சேன். கை ரெண்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்து உதறுகிறது. அப்புறம் ஒரேயடியாக மூச்சு வாங்கி, “தூக்குங்கடா, தூக்குங்கடா” என்று கத்தினான். அம்மா ஓடிவந்து முந்தானையால் கண்ணை மூடி, “நைனா, நைனா, ஒண்ணுமில்ல நைனா” என்று அப்படியே பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து முந்தானைக்குள்ளிருந்தே பேசினான்.

“கப்பலுக்கும் மேடைக்கும் நடுவுல ஒரு சந்துமா. அதுல போய்ட்டேன். போவும்போதே முதுவுல இட்ச்சுது. கீயருந்து பாத்தா மேல வெளிச்சம் ஆடிகினே கீது. கப்பலோட அடி கருப்பா. காலை ஒதச்சு ஏறிர்லாம்னு பாத்தேன். காலே இல்ல.”

தரையில் விழுந்தான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காய்ந்த துணியில்தானே இருந்தான்.

அப்புறம் என்னிடம் கேட்டான். கோபமாகக்கூட இல்லை.

“எப்டிமே அவ்ளோ கரீட்டா வரஞ்ச?”

ஏப்ரல் 23

எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஏப்ரல் 25

சுண்ணாம்பு அடித்தேன். எனாமல் மேல் நிற்கவில்லை. காய்ந்து பொருக்காக அவன் மேலேயே உதிர்கிறது. பின்னாலிருந்து நீலம் எட்டிப் பார்க்கிறது. எமரி தாள் போட்டுத் தேய்த்தால்தான் போகுமாம். நவ்ரீனின் அண்ணன் ஃபவாஸ் ஹார்டுவேர் கடையில் இருக்கிறான், அவன் சொன்னது. தேய்த்தால் தூசு முழுக்க அறிவின் மூக்கில், புண்ணில். ஆளை வெளியே எடுக்காமல் முடியாது. வெளியே வரமாட்டான்.

ஏப்ரல் 28

அம்மாவின் புடவைகளைச் சேர்த்துச் சீலிங்குக்குக் கீழே ஆணி அடித்துக் கட்டினேன். நன்றாகத்தான் இருந்தது, ஃபேனைப் போடும் வரை. காற்றில் புடவை பொங்குகிறது, அமுங்குகிறது, அலை அலையாக ஓடுகிறது. வரைந்த கடலாவது சும்மா நின்றது. இது நிஜமாகவே ஆடுகிறது.

ஃபேனை நிறுத்தினால் அடுப்புக்குள் இருப்பது மாதிரி வெக்கை. பிய்த்துப் போட்டேன்.

இன்னா கை இது? தொட்டதெல்லாம் தண்ணியா மாறுது.

மே 1

கண் மேல் துண்டு போட்டபடியே கிடக்கிறான். பகலா, சாயங்காலமா என்று கேட்பதுகூட இல்லை. நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. அம்மா ஸ்பூனோடு கெஞ்சினாள். “தண்ணிலருந்து என்னை இன்னாத்துக்குமா தூக்குனாங்க?” என்றான். அம்மா ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது.

இடைவேளைக்கு இடைவேளை எனக்கு போன் பண்ணுகிறாள். “மூச்சு வுட்றானா பாரு.” பார்க்கிறேன். விடுகிறான்.

மே 2

நேற்று மாதிரியே.

மே 4

நான் கத்திவிட்டேன். படுத்துக்கிடக்கிறவனைப் பார்த்துக் கத்தினேன்.

“கண்ணைத் தொறக்கவும் மாட்ட, வெளிய வரவும் மாட்ட, அப்ப நான் இன்னாதான் பண்றது? தேச்சு எட்த்தாதான் போவும்! வாயத் தொறந்து சொல்லேன்!”

“வெளிய வச்சு ஷோ காட்டப் போறியா? டிக்கெட் எவ்ளோ?”

“ஆமா, காட்றேன். நீ இன்னா பெரிய ஹீரோவா, கூட்டம் வர? ரெண்டு நாள் பாப்பாங்க, அப்பால அவங்கவங்க பொயப்பப் பாத்துகினு போய்டுவாங்க!”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் துண்டை விலக்கி, சீலிங்கைப் பார்க்காமல், என்னைப் பார்த்தான்.

“ரெண்டு நாள்தானா?” என்றான்.

“மூணு வச்சுக்கோ.”

“...தூக்கச் சொல்லு.”

மே 5

கிருஷ்ணப்பன் மாமா அவர் மகன்களோடு வந்தார். கட்டில் முதலில், அறிவு பின்னால். மூன்றாம் மாடி நடையில், எங்கள் வாசலுக்கு எதிரே கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டார்கள். துண்டு கேட்டான், கொடுத்தேன். மாமா முகத்துக்கு நேரே குனிந்து, “இன்னா நைனா, லிஃப்ட்ல வந்தியா?” என்றார். துண்டுக்குள் ஒரு சத்தம். சிரிப்பா இருமலா தெரியவில்லை.

பாட்டி, பொடிசுகள், கேஸ் சிலிண்டர் போடும் ஆள் — எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். துண்டின் ஓரம் நனைந்துகொண்டே இருந்தது. உள்ளே நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எமரி தாள் போடும் சத்தத்தில் நான் அழுதது வெளியே கேட்டிருக்காது.

மே 9

பிளஸ் டூ பாஸ். மார்க்கைச் சொன்னேன். “எனக்கு வரவேண்டிய மூளையையும் சேத்து நீ தூக்கிகினு போய்ட்ட” என்றான். துண்டு கழுத்தில் கிடந்தது.

டிசைன் கோர்ஸுக்கு அப்ளை பண்ணவில்லை. நான் யாருக்கும் எதையும் வரையத் தகுதியில்லாதவள்.

சீலிங் பாதி முடிந்தது. ஒரு பக்கம் சிமெண்ட், ஒரு பக்கம் கடல். தூசு ஆகாது என்று பகலெல்லாம் அவன் வெளியேதான். இருட்டியதும் உள்ளே தூக்கி, சிமெண்ட் பக்கம் தலை வருகிற மாதிரி போடுகிறோம்.

மே 13

நடையில் அவன் என்ன பார்க்கிறான் என்று தரையில் படுத்துப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் உட்பக்கம்தான் தெரிகிறது. வெற்றிலை எச்சில், யாரோ கீறிய ஹார்ட். ஒரு சிறையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டிருக்கிறேன்.

“இந்தச் செவுத்துல ஏதாச்சும்...” என்று ஆரம்பித்தேன்.

“எழிலு. கையெடுத்துக் கும்புட்றேன். ஒண்ணியும் வரையாத.”

சரி. வரையவில்லை. பின்பக்கம் இடித்துப் போட்ட இடத்திலிருந்து செங்கல் பொறுக்கி வந்தேன். மாமாவும் பையன்களும் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, நாலு காலுக்கும் கீழே கல் வைத்தேன். சுவருக்கு மேலே மெட்ரோ ரயிலின் தலை தெரிந்தது. போகிற சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததற்கு இன்று உருவம் வந்தது. அவன் அடுத்த ரயிலுக்குக் கழுத்தைத் திருப்பி வைத்துக் காத்திருந்தான்.

மே 18

இன்னொரு வரிசை கல். இப்போது எதிர் பிளாக் மொட்டை மாடி தெரிகிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். “அது நோ பாலுடா, கேப்மாரி!” என்று இங்கிருந்தே கத்தினான். கஞ்சி பாதி டம்ளர் இறங்கியது.

சாயங்காலம் மறுபடி துண்டு. அம்மா சந்தோஷப்பட்டுவிட்டதற்காக அழுதாள்.

மே 25

“இன்னும் ஒரு கல்லு வை, எழிலு. ரோடு தெரியல.”

கல் எடுத்து வந்தேன். வைப்பதற்கு முன் கட்டிலுக்கும் சுவர் உச்சிக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு கல் வைத்தால் ரோடு தெரியும். ரோடு தெரிகிற உயரத்தில் சுவர் மறைக்காது. கைகளில் அவனுக்கு நல்ல பலம், கப்பல் சுரண்டின கை. கீழே மூன்று மாடி.

ஒரு டிசைனர் இதை எல்லாம் யோசிக்க வேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லித்தரவில்லை.

மாமாவும் பையன்களும் வந்தார்கள். தூக்குவதற்கு முன், கட்டிலைச் சுவரை விட்டு எங்கள் வாசல் பக்கமாக இழுத்துத் தள்ளிப் போடச் சொன்னேன். கை நீட்டினால் சுவர் எட்டாத தூரம். கல் வைத்தோம். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

அறிவு ரோட்டைப் பார்க்கவில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாத்துக்குத் தள்ளிப் போட்ட?”

வெயில் அடிக்கும், எச்சில் சுவர், பாட்டி நடக்க வழி வேண்டும் — ஆயிரம் பொய் எனக்கு வாயில் தயாராக இருக்கும். ஒன்றுகூட வரவில்லை.

“பயமாக் கீதுண்ணா.”

கீழே டேங்கர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது திரும்பி மறையும் வரை பார்த்தான்.

“எனக்கும்தான்” என்றான். “அங்கியே இருக்கட்டும். இங்கருந்தே தெரியுது.”