எண்ணெய் கசிந்த மூலை: ஒரு திருத்தம்

வெள்ளை வேட்டியைக் கடைசிவரை விடாத என் மாப்பிள்ளை சின்னராசுவுக்கு,

நேற்றுக் காலை பதினொன்றேகால் மணிக்கு உறுதியான செய்தி இது: நம் வண்டியின் இன்ஜினில் கெட்டிருந்தது உங்கள் மூலை அல்ல, என் மூலை. சொன்னவர் ஒண்டிக்கடை முக்கில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் செல்வம். அளந்தது அவருடைய வெர்னியர் அளவுகோல். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை அளவைப் படித்தேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வருஷத் திதியன்று வண்டி ஓடுகிற நிலையில் உங்கள் தலைச்சோலை வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று பூங்கொடி சொல்லிவிட்டாள். உங்கள் மனைவி கேட்டால் நான் யோசிப்பேன். என் தங்கை கேட்டால் யோசிக்க நேரம் கிடைக்காது. இரண்டும் ஒருத்தியே என்பதால் மறுநாளே வண்டியைச் செல்வத்திடம் விட்டேன்.

இதைப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை எஸ்டேட் கொட்டகையிலிருந்து நாம் நான்கு பேர் பணம் போட்டு எடுத்தோம்: நீங்கள், நான், பூங்கொடி, எங்கள் அப்பா. இன்ஜின் மேல் நான்கு ஸ்டட் நிற்கும். ஸ்டட் என்றால் தலையில்லாத நீளப் போல்ட். இரு முனையிலும் மரை இருக்கும். கீழ் முனை இன்ஜின் பெட்டிக்குள் இறங்கும், மேல் முனையில் நட்டைப் போட்டு இறுக்கினால் சிலிண்டரும் அதன் மூடியான ஹெட்டும் அசையாமல் உட்காரும். நாலு பேர் வண்டி, நாலு மூலை. ஆளுக்கு ஒரு ஸ்டட்டை இறக்கி, ஆளுக்கு ஒரு நட்டை முறுக்க வேண்டும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். ஒருவரும் தனியாக உரிமை கொண்டாடக் கூடாதாம். எந்த மெக்கானிக்காவது கேட்டிருந்தால் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு எங்களைத் துரத்தியிருப்பார்.

முன்னால் இடது மூலை எனக்கு வந்தது. அதற்கு நேர் எதிரே, பின்னால் வலது மூலை உங்களுக்கு. முதல் மாதமே உங்கள் மூலையில் எண்ணெய் கசிந்தது. காலை வேளையில் எஸ்டேட் ஆபீசுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக நீங்கள் போகும்போது, மடித்துக் கட்டிய வேட்டியின் வலது ஓரம் கறுத்திருக்கும். ஒவ்வொரு வருடமும் பிரித்துப் பூட்டினோம். ஒவ்வொரு வருடமும் அதே மூலை கசிந்தது.

"மாப்ள கையில சத்து பத்தாது. என் மூலையப் பாருங்க, ஒரு சொட்டு எறங்குதா?" என்று நான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி என் நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். ஒவ்வொரு வருடமும்.

நேற்று செல்வம் என் ஸ்டட்டைக் கழற்றி மேஜையில் படுக்க வைத்தார். பக்கத்தில் மற்ற மூன்றையும் வைத்தார். மூன்றும் ஒரே நீளம். என்னுடையது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அதிகம். மேல் மரைக்குக் கீழே இழுபட்டு, கழுத்து இளைத்திருந்தது.

"ஏனுங்க சார், இது யார் முறுக்குனதுங்க? ஆனையா?"

நான் கண்ணாடியை மறுபடி துடைத்தேன். அவர் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியைத் தளர்வாக மேலே வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் அமுக்கினார். எதிர் ஓரம் எழும்பியது.

"அவ்வளவுதானுங்க விஷயம். ஸ்டட்ட எறக்கும்போது ஓட்டையில எண்ணெய் இல்லாம தொடச்சு, கையாலயே எறக்கோணும். நாலும் ஒரே ஒசரம் நிக்கோணும். அப்புறம் நட்ட குறுக்கால குறுக்கால, கொஞ்சங் கொஞ்சமா முறுக்கோணும். ஒரே மூலைக்கு உசுரக் குடுத்தா எதிர் மூலை தூக்கிக்கும். அங்கிருந்து எண்ணெய் வராம என்னங்க வரும்?"

பிறகு ஹெட்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் காட்டினார். உங்கள் மூலையில் மட்டும், ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. "இந்த மூலைக்காரர் பாவமுங்க. அவரு ஸ்டட்டு புதுசாட்ட இருக்குது. அளவா முறுக்கியிருக்காரு" என்றார். உங்களை அவருக்குத் தெரியாது. அவர் அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து வந்து ஷெட் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது.

அந்த ஷெட் எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, மாப்பிள்ளை? நீங்கள் பட்டறை போடப் பேசி வைத்திருந்த அதே இடம். "சின்னராசு மோட்டார் ஒர்க்ஸ்" என்று பலகைகூட எழுதியாகியிருந்தது. ரைட்டர் வேலையை விடப்போவதாக எஸ்டேட்டில் சொல்லியிருந்தீர்கள். அந்த வாரம்தான், நான் நிருபராக இருந்த பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் என் வேடிக்கைக் கட்டுரை வந்தது. தலைப்பு "எண்ணெய் மாப்பிள்ளை". கறை படிந்த வேட்டியோடு உங்கள் படமும் இருந்தது. மலை முழுக்கச் சிரித்தது. பஸ் கண்டக்டர் முதல் டீக்கடை வரை அதுவே உங்கள் பெயராயிற்று. எண்ணெய் மாப்பிள்ளையிடம் யார் வண்டியை விடுவார்கள்? ஷெட் திறக்கவே இல்லை. ரைட்டராகவே ஓய்வு பெற்றீர்கள். பலகை எழுத்துப்பக்கம் கீழே போய், உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாயிற்று. அந்தத் தொட்டியில் நான் எத்தனை முறை கை கழுவியிருப்பேன்?

நேற்று மதியம் பூங்கொடியிடம் சொன்னேன். அவள் காப்பிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்தாள். கிளறுவதை நிறுத்தவில்லை.

"அவுங்க அன்னிக்கே சொன்னாங்களேண்ணா."

"என்னன்னு?"

"எதிர் மூலையையும் ஒருக்காப் பாருங்க மச்சான்னு. நீங்கதான் அதைப் பேப்பர்லயே போட்டீங்களே."

எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து பழைய கோப்பைப் புரட்டினேன். இருக்கிறது, மாப்பிள்ளை. கட்டுரையின் கடைசி வரி அதுதான்: "குற்றவாளி சொல்கிறார்: எதிர் மூலையையும் ஒருக்காப் பாருங்க மச்சான்!" ஆச்சரியக்குறி நான் போட்டது. எத்தனையோ வழக்குகளில் எதிர்த்தரப்பைக் கேட்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. உங்கள் தரப்பைக் கேட்டிருக்கிறேன். கேட்டு, அதைச் சிரிப்பாக அச்சடித்திருக்கிறேன். போய்ப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

ஏன் மறுபடி சொல்லவில்லை நீங்கள்? தங்கை வீட்டில் சண்டை வேண்டாம் என்றா? அல்லது நானே ஒருநாள் பார்ப்பேன் என்று காத்திருந்தீர்களா?

சாயங்காலம் திரும்பப் போனேன். பூங்கொடி பலகையைத் தொட்டியிலிருந்து எடுத்து, தேய்த்துக் கழுவி, சுவரோரம் சாய்த்திருந்தாள். உங்கள் பெயர் மங்கவில்லை. வெயில் படாத பக்கம் அல்லவா.

"இப்ப பேப்பர்ல போடுவீங்களாண்ணா?"

"போடுவேன் கண்ணு."

"எங்க? நாலாம் பக்கத்துல வரன் தேவைக்குக் கீழயா? அன்னிக்குப் படத்தோட போட்டீங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக உத்தரவு போட்டாள். "புது ஸ்டட்டு வந்ததும் உங்க மூலைய நான் முறுக்கறேன். அப்பா மூலையும் என் மூலையும் அந்த மெக்கானிக் பாக்கட்டும். அவுங்க மூலைய நீங்க முறுக்குங்க. அவுங்க முறுக்குன அளவுக்கு. ஒரு பொட்டு சாஸ்தி கூடாது."

"அளவு காட்டற ஸ்பேனர் செல்வங்கிட்ட இருக்குது."

"நொம்ப நல்லது. உங்க கைய நம்ப வேண்டியதில்ல."

உங்களுக்கு என் உறுதிமொழி இது. இந்தக் கடிதத்தைத் திருத்தமாக அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவில், உங்கள் படத்தோடு போடச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்புகிறேன். இவ்வளவு பழைய கட்டுரைக்கு யாரப்பா திருத்தம் கேட்கிறார்கள் என்று போனில் சிரித்தார். நான்தான் கேட்கிறேன் என்றேன். அவர் மறுத்தால், ஒண்டிக்கடை முக்கில் பலகையை நிறுத்திவைத்து, எல்லாக் கடைக்கும் கேட்கும்படி நானே வாசிப்பேன்.

இன்னும் தெரிய வேண்டியவை: என் ஸ்டட் நின்ற ஓட்டையைச் சுற்றி இன்ஜின் பெட்டி விரிந்திருக்கிறதா என்பது. சேலம் லேத் பட்டறை புதன்கிழமை சொல்லும். தேய்த்துச் சமமாக்கிய ஹெட்டும் நான்கு புது ஸ்டட்டும் வியாழக்கிழமை பஸ்ஸில் வரும். ஆசிரியரின் பதில் வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை வண்டியைக் குப்பனூர் வரை இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். ஓட்டப்போவது நான். சலவை செய்த உங்கள் வெள்ளை வேட்டி ஒன்றைப் பூங்கொடி எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். வந்து இறங்கியதும் வலது ஓரத்தை அவளே பார்ப்பாளாம்.

உங்கள் எதிர் மூலை,
மச்சான்