கல்லாவுக்குக் கீழே இருந்த பெட்டி

அன்புள்ள பெத்ரு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? அத்தையை விசாரித்ததாகச் சொல்.

கடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. பள்ளிக்கூடத்துக்கு அருகில் இ-சிகரெட் விற்கக் கூடாது என்று இந்த இத்தாலிய ஊரின் நகராட்சி தடை போட்டிருக்கிறது. முதலாளியம்மா ஓர்னெல்லா அதைக் கல்லாவுக்குக் கீழே ஒரு பெட்டியில் ஒளித்து விற்றுவந்தாள். செவ்வாய்க்கிழமை நகராட்சி அதிகாரி வந்து பெட்டியை வெளியே இழுத்தார்.

"யாரோடது இது?"

"இவளோடதா இருக்கும். மால்டோவாக்காரிய நம்பிக் கடைய விட்டேன் பாருங்க!" என்ற ஓர்னெல்லா, என் காதருகே குனிந்தாள். "ஆமான்னு சொல்லிடு, அக்சேனியா. மாடி ரூம் வேணும்ல உனக்கு?"

அடுத்த மாதம் என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். நான் தங்கியிருந்ததும் அவளுடைய கடை மாடியில்தான்.

"என்னோடது இல்ல சார்," என்றேன். "ஆனா வித்தது நான்தான். இவங்க சொல்லி, ஸ்கூல் பொண்ணுங்களுக்கும் வித்திருக்கேன்."

"எழுதிக் கையெழுத்துப் போடுவியாம்மா?"

போட்டேன். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது தோழி லூபாவின் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன்.

என் தடித்த போர்வையையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் அனுப்பு. அத்தையிடம் எதுவும் சொல்லாதே.

இன்னொன்று. நம் மகள் இலியானாவின் பென்சில் பெட்டியை ஒருமுறை திறந்து பார். கோபப்படாமல் பேசு. என்னிடம் இ-சிகரெட் வாங்கிய பள்ளிப் பெண்கள் எல்லாரும் தங்கள் பென்சில் பெட்டியில்தான் அதை ஒளித்துக்கொண்டு போனார்கள்.

தெருமுனைத் தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டான், முடிக்கிறேன்.

உன்
அக்சேனியா