அம்பூரியிலிருந்து பதினொரு பூ

குன்னத்துகால்
6 மே 2024

ஜோஸ்னாவின் அப்பாவுக்கு,

ரத்னபாய் எழுதுவது. போனில் கேட்டால் "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

மொட்டைமாடிப் பந்தல் முழுக்கப் பேஷன் ஃப்ரூட் பூத்துக் கிடக்கிறது. மதியம் படியேறினாலே வாசனை மூக்கைத் துளைக்கிறது. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. இரண்டு வருஷம் மாடிக்குத் தண்ணீர் சுமந்து இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

கிருஷிபவன் விவசாய ஆபீசிலிருந்து பிரசீதா வந்து பார்த்துச் சிரித்தாள். "அக்கா, இந்த மூணு கொடியும் ஒரே கொடியில வெட்டி நட்டதுதானே? அப்போ மூணும் ஒண்ணாக்கும். வேற கொடிப் பூவுல உள்ள பொடியத் தொட்டு வச்சாதான் காய் பிடிக்கும்."

உங்கள் குவாட்டர்ஸ் வேலியில் விதை விழுந்து முளைத்த கொடி நிற்கிறதே. பூ மதியம் விரிந்து ராத்திரியில் மூடிவிடும். பறித்த அன்றே நீங்களே கொண்டு வாருங்கள். ஜோஸ்னா கல்யாணம் முடிந்ததும் ஒரு மாசம் என்று சொல்லி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பதினாலு மாசம் ஆயிற்று. தனியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள்
ரத்னபாய்

அம்பூரி
11 மே 2024

அன்புள்ள ரத்னாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகம். மழைக்கு முன்னால் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற இடம் நனையாமல் பிளாஸ்டிக் கட்டுகிற வேலை, மூச்சுவிட நேரமில்லை. ஈஸ்டருக்கு வராததை மனதில் வைக்காதே. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை பூவோடு கட்டாயம் வருவேன். மீன் வாங்கி வை.

ஜெயதாஸ்

குன்னத்துகால்
26 மே 2024

ஜோஸ்னாவின் அப்பாவுக்கு,

பதினெட்டாம் தேதி நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நாலு மணிக்கு உங்கள் தோட்டத்து ஜீப் வந்தது. டிரைவர் கிருஷ்ணன்குட்டி மட்டும் இறங்கினார். "சேச்சி, ஜெயதாஸ் தந்து விட்டதாக்கும். அவருக்குத் தலைவலி உண்டு," என்று சோற்றுப் பாத்திரத்தை நீட்டினார். உள்ளே ஈரத்துணியில் பதினொரு பூ.

கோபத்தில் குப்பையில் கொட்டப் போனேன், மனசு வரவில்லை. வெளிச்சம் போகும்வரை பந்தலுக்கடியில் நின்று ஒவ்வொரு பூவாகத் தொட்டு வைத்தேன். நாற்பது காய்க்குமேல் பிடித்திருக்கிறது. இப்போதே நெல்லிக்காய் அளவு. பிரசீதா வேறு விதைக் கன்று ஒன்று தந்தாள், அதையும் நட்டுவிட்டேன். இனி அங்கிருந்து பூ வேண்டாம்.

நான் வரச் சொன்னது உங்களைத்தான். அது உங்களுக்கும் தெரியும்.

சபையில் யார் கேட்டாலும் "அடுத்த வாரம் வருவார்" என்று சொல்லிவந்தேன். இன்று சுகிர்தபாய் அக்கா கேட்டபோது, "அவர் இனி வரமாட்டார்" என்றேன். சுற்றி நின்ற யாருக்கும் ஆச்சரியமில்லை. எனக்குத்தான் அது புரிய இவ்வளவு நாளாயிற்று.

ரத்னபாய்