ரோஸியின் விடை ஏன் பிந்துகிறது

ஜூன் 7, சனி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஐந்து மணிக்கு அழிப்பாங்கதை லைவ். விடுகதைக்கு ரோஸி வீட்டில் சொல்லும் பெயர், அதையே வைத்துவிட்டோம். நான் போன் முன்னால் உட்கார்ந்து பன்னிரண்டு கதை போடுவது, தாலுகா ஆபீஸில் ரிட்டயர் ஆன கூட்டம் பார்த்துக்கொண்டே விடை எழுதுவது. அதிகம் முந்துகிறவளுக்கு அந்த வார ராணிப் பட்டம். வேறு பரிசு இல்லை, சண்டைக்கு அதுவே போதும்.

ரோஸி மறுபடி தோற்றாள். முப்பது வருஷம் பக்கத்து நாற்காலி. நான் வாயைத் திறக்குமுன் பதில் சொல்கிறவள். இப்போது இடுப்பெலும்பு முறிந்து கடலோரம் முட்டத்தில் மகள் வீட்டில் படுக்கை. முதல் கதைக்கு உடனே எழுதினாள். போகப்போகப் பிந்தினாள். கடைசியில், “மூணு கண்ணு, பார்வை இல்லை, வயிறு நிறைய தண்ணி, தாகம் இல்லை.” எல்லாரும் எழுதி, நான் நன்றி சொல்லி முடிக்கப்போகும்போது ரோஸியின் ‘தேங்காய்’. தேரூர் சுந்தரி சிரிப்புப் பொம்மை போட்டாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

முடிந்ததும் ரோஸியின் போன்.

“ஏட்டி ஜெயா, இனி என்னைச் சேக்காத.”

“என்னத்துக்கு?”

“மூளை மழுங்குது. அம்மைக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறவு அவ சிரிப்பா. கடைசில என்னையே யாருன்னு கேட்டா.”

ஏதோ சொல்லி மழுப்பினேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் முழிப்பேன். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் நேற்றைய லைவைத் திரும்ப ஓட விட்டேன். ரோஸியின் விடைகள்:

1ஆம் கதை: பத்து செகண்ட்
4ஆம் கதை: அரை நிமிஷம்
8ஆம் கதை: முக்கால்
12ஆம் கதை: ஒரு நிமிஷத்துக்கு மேல்

ஒன்றுகூடத் தப்பில்லை. மறதி இப்படி ஒழுங்காகப் படி ஏறுமா?

மஸ்கட்டுக்குப் போன். மகன் பிரின்ஸ் வேலை நடுவில் எடுத்தான். “எல்லாருக்கும் லேட்டா, ரோஸி ஆன்ட்டிக்கு மட்டுமா? அது தெரியணும்மா. ஒரு மணிக்கூர் ஓட விட்டுட்டு கேமரா முன்னால கடிகாரத்தப் பிடிங்க. நானும் ஆன்ட்டியும் பாக்குத மணிய எழுதுதோம்.” இவனைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை.

பால் பாக்கெட் சொல்ல மறந்தாச்சு.

ஜூன் 10, செவ்வாய்

சோதனை லைவ். ரோஸியைச் சம்மதிக்க வைக்க அரை நாள் கெஞ்சல். ஒரு மணி நேரம் எதைக் காட்டுவது? மரச்சீனிக் கிழங்கு தோல் சீவினேன், வெட்டினேன், கழுவினேன். கடைசியில் அடுக்களைச் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்தேன்.

பிரின்ஸ்: 4.32. கூடவே ரோஸி: 4.31. அதற்குப் பிறகு ரோஸியைக் காணோம்.

பத்து நிமிஷத்தில் அவள் மகள் கூப்பிட்டாள். “ஆன்ட்டி, அம்ம அழுதுட்டு கிடக்கா. வீட்டு மணி ஆறு தாண்டியாச்சு, எனக்கு நாலரைன்னு தெரியுதே, மணி பாக்கக்கூட மறந்துட்டேன்னு.”

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிரின்ஸ் போன நாளிலிருந்து அது மஸ்கட் நேரத்தில் ஓடுகிறது. அவன் எழுந்தானா, தின்றானா என்று பார்க்க நானேதான் மாற்றி வைத்தேன். ஒன்றரை மணி கூட்டிப் படித்தே எனக்குப் பழக்கம். அவனுக்கு அது சொந்த நேரம், அவனுக்கும் உறைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ரோஸியிடம் சொன்னேன்.

“நாசமாப் போவ நீ! படுத்துக் கிடக்கவளுக்கு மஸ்கட்டு மணிய காட்டுதியா?” அப்புறம் சிரிப்பு. இருமல் வரும்வரை சிரிப்பு.

ஆனாலும் விஷயம் பிடிபட்டது. ஒரே நேரத்தில் மகனுக்கு 32, அவளுக்கு 31. பிந்துவது அவள் போன் மட்டும். சிக்னல் விட்டுப்போகும்போது படம் நிற்கிறது, வந்ததும் நின்ற இடத்திலிருந்தே ஓடுகிறது, விட்டதைத் தாண்டிக் குதிக்காது. நின்றதெல்லாம் கூடிக்கூடி ஒரு நிமிஷம். பிரின்ஸ் சொன்ன மருந்து: திரையில் ‘லைவ்’ என்ற எழுத்தை அடிக்கடித் தொடவேண்டும், கட்டிலை ஜன்னல் பக்கம் போடவேண்டும்.

“அப்போ மழுங்குனது போனுதானா?”

“போன்தான்.”

“சத்தியமா?”

சத்தியம் என்றேன். மூளையைப் பற்றி எனக்கென்ன தெரியும்? சொல்லிவிட்டேன்.

ஜூன் 14, சனி

மழை இல்லை, காற்று. முதல் வேலையாகக் கடிகாரம் காட்டினேன், நம் நேரத்துக்குத் திருப்பியது. ரோஸியும் மற்றவர்களைப் போல நாலு செகண்ட்தான் பின்னால். ஒவ்வொரு கதைக்கு முன்னும் “ரோஸி, லைவைத் தொடு” என்று கத்தல். சுந்தரிக்கு எரிச்சல். பதினொன்றில் எட்டு ரோஸிக்கு. சிரிப்புப் பொம்மை எதுவும் வரவில்லை.

கடைசிக் கதை, ரோஸிக்கென்றே கட்டியது. “நின்ன இடத்தில நின்னு ஊருக்கெல்லாம் கண்ணடிப்பான், ஒருத்தியும் அவனைச் செருப்பால அடிக்க மாட்டா.” லைட்ஹவுஸ். கட்டிலை மாற்றிய பிறகு ஜன்னலில் அவளுக்கு நேரே தெரிகிறது.

ரோஸியிடமிருந்து ஒன்றும் இல்லை. பத்து செகண்ட். முப்பது. சுந்தரி எழுதிவிட்டாள். பிரின்ஸும் எழுதிவிட்டான். ஒரு நிமிஷம். முந்தின கதைக்கு டக்கென்று எழுதினாளே, போனைக் குறை சொல்லவும் வழியில்லை. “ரோஸி, ஜன்னலைப் பாரு” என்றேன். விடையையே சொல்லிக்கொடுத்த மாதிரி. சுந்தரி சண்டைக்கு வருவாள், வரட்டும். ஒன்றரை நிமிஷம். ஏன்தான் சத்தியம் செய்தேனோ.

வந்தது.

“ஏட்டி, மீன்காரி வந்தா. மவ வீட்டுல இல்ல. வாக்கரப் பிடிச்சு வாசல்வர நானே நடந்து போயி மத்தி வாங்குனேன். என்ன கதை போட்ட? திருப்பிச் சொல்லு.”

அழுதுவிட்டேன், லைவில். நாலு செகண்ட் கழித்து எல்லாரும் பார்த்திருப்பார்கள்.