மறுமுனையில் ஒரு காது

என் அன்புச் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் ரம்பமும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. போன் செய்தால் நான் எடுப்பதில்லை, எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். இந்தப் போன் கொஞ்ச நாளாகவே சரியில்லை. பட்டறைத் தூசி உள்ளே போயிருக்கும். அது கிடக்கட்டும், நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவளுக்கு அக்காவிடம் தினமும் என்ன பேச்சு? புருஷனிடம் பேசு. எனக்குக் கடிதம் எழுது. கடிதமென்றால் இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம்.

பழைய மர வேட்டை விஷயம் சொல்கிறேன், கேள். வீடு இடிக்கும் கான்ட்ராக்டர், அதுதான் நீ பெயர் வைத்த இடிமன்னன், போன வாரம் ஆள் அனுப்பினார். பழைய சினிமாக் கொட்டகையை இடிக்கிறார்கள். நான் போவதற்குள் கதவு, நாற்காலியெல்லாம் பறந்துவிட்டன. திரைக்கு முன்னால் இருந்த மேடைப் பலகைகளை மட்டும் யாரும் சீண்டவில்லை. அத்தனை பூச்சு பெயின்டுக்கு அடியில் என்ன மரம் என்று யாருக்குத் தெரியும்? மூலையில் உளியால் ஒரு கீறு கீறி மோந்து பார்த்தேன். தேக்கு! முகத்தில் ஒன்றும் காட்டாமல், அடுப்பெரிக்க ஆகும் என்று முனகிக்கொண்டே வண்டியில் ஏற்றிவிட்டேன். நீ கூட இருந்திருந்தால் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பாய்.

ஆணி பிடுங்கித்தான் கை காய்த்துப் போயிற்று. நீளப் பலகையைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு முனையைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுமுனையைத் தூக்குகிறேன். அதற்குள் முதல் முனை கீழே சரிந்துவிடுகிறது. பலகைக்கும் எனக்கும் நடக்கும் சண்டையைப் பக்கத்துக் கடைத் தையற்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார். உதவிக்கு வரட்டுமா என்று ஜாடை காட்டுவார். வேண்டாம் என்றுவிடுவேன்.

உன் வேலை மேசை அப்படியேதான் இருக்கிறது. இடமில்லாமல் பலகையைத் தரையில் பரப்பி வைத்திருக்கிறேனே தவிர, அதன் மேல் ஒன்றும் வைக்கவில்லை.

கல்யாணமாகிப் புறப்படப் பெட்டி கட்டும்போது நீ என்னிடம் வாங்கிய வாக்கு நினைவிருக்கிறது. மரத்தைப் பார்ப்பதும் மோப்பதும் என் வேலை. தட்டும்போது கேட்பது உன் வேலை. நான் ஒரு முனை, நடு, மறுமுனை என்று மூன்று இடத்தில் தட்டுவேன். நீ காதை வைத்துக்கொண்டு, எடு என்றோ விடு என்றோ சொல்வாய். நீ இல்லாமல் என்றைக்கு நான் உள்ளே அரித்துப்போன மரத்தை நல்ல மரமென்று தூக்கிக்கொண்டு வருகிறேனோ, அன்றைக்கே பட்டறையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டும். அந்த அறைக்குத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்று விசாரி.

தலைவலி இப்போது எப்படி இருக்கிறது? கண்ணாடியை மாற்று. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

*

அன்புள்ள சின்னவளே,

நீ நலம் என்று எழுதியதைப் படித்தபிறகுதான் இங்கே எனக்கு நலம்.

போனை ரிப்பேர்க் கடையில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். போனில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு என்ன தெரியும்? தையற்காரர் வேறு, ரேடியோவைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறேன் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். நான் வைப்பது வைக்கிற அளவுதான். மனிதருக்கு வயதாகிறது, சின்னச் சத்தம்கூடத் தாங்கவில்லை.

பெரிய செய்தி சொல்லவா? கடைவீதியில் நாம் எப்போதும் பல்லைப் பிடித்துக்கொண்டு போகும் பல் டாக்டர், தன் புது ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு ஒரு நீள மேசை கேட்டிருக்கிறார். புது மரம் கூடாதாம், ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த மரமாக இருக்க வேண்டுமாம். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நம் வாயைத் திறக்கச் சொல்லித்தானே அவருக்குப் பழக்கம்.

அதற்குத் தோதாக ஓர் உத்தரம் கிடைத்திருக்கிறது. ஆற்றோரத் தானியக் கிடங்கைப் பிரித்தார்களே, அதன் கூரையைத் தாங்கிய உத்தரம். அப்படி ஒரு நிறத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். ஒரு பக்கம் புகையடித்துக் கறுத்திருக்கிறது, மறுபக்கம் தேன் போல இருக்கிறது. மேலே ஒரு துளைகூட இல்லை. தட்டிப் பார்த்தாயா என்று கேட்பாய். பார்த்தேன். ஒரு முனையில் தட்டிவிட்டு மறுமுனைக்கு ஓடிப்போய்க் காதை வைத்தேன். கூலியாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் எனக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்? பிறகு காதை வைத்துக்கொண்டு கைக்கெட்டிய தூரத்தில் தட்டினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஒழுங்காகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

தனியாக இருப்பது பழகிவிட்டது. என்னைப் பற்றிக் கவலைப்பட்டு உன் புது வாழ்க்கையைக் குழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இந்த முறை நலம் என்று எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. கடைசிவரை நிதானமாகப் படி.

பல் டாக்டர் உத்தரத்தைப் பார்க்க வந்தார். நான் அதன் நிறத்தையும் ரேகையையும் விவரித்துக்கொண்டிருக்கிறேன், அவர் பாட்டுக்குப் பல்லைத் தட்டிப் பார்க்கிற வழக்கத்தில் விரலை மடக்கி உத்தரத்தின் நடுவில் ரெண்டு தட்டுத் தட்டினார். அவர் முகம் மாறியது. என்னவோ சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. என் முகத்துக்கு நேராக வந்து உரக்கச் சொன்னார்.

"உள்ளே வெத்தா இருக்கிற மாதிரி சத்தம் வருதேம்மா. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி தட்டினார், நானும் தட்டினேன். விரல் வலித்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அவர் போனபிறகு அதே இடத்தில் உளியை வைத்து ஓர் அடி அடித்தேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. இரண்டு விரல்கடைக்கு நல்ல மரம், அதற்குள் முழுக்கக் கரையான் மண். உன் மேசையில் ஒன்றும் வைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அன்றைக்கு அதன் மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காது டாக்டரிடம் போனேன். வலது காது போய்விட்டது, இடது காது போகிற வழியில் இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் காட்டினார். மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடுமாம். மரத்தின் சத்தம் பிடிபடுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ பஞ்சை அடைத்துக்கொண்டு ரம்பம் ஓட்டும்போதெல்லாம், காதிலே என்னடி பூ என்று கேலி செய்தவள் நான். நன்றாக வேண்டும் எனக்கு.

ஆக, போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீ பேசுவது எனக்குக் கேட்கவில்லை. உன் குரல் வருகிறது என்று தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் சரி சரி. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எழுதினேனே, அதுவும் பொய். பழகவில்லை. உன்னிடம் சொன்னால் போட்டது போட்டபடி ஓடிவருவாய். இத்தனை வயதுக்குமேல் உனக்கென்று அமைந்த வீட்டை என் காதுக்காக நீ கலைத்துவிட்டு வரக்கூடாது என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

வாக்குப்படி நான் பட்டறையைப் பூட்ட வேண்டும். பூட்டையும் எடுத்து வைத்தேன். ஆனால் டாக்டர் மேசை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வேறு மரம் இருக்கிறதா என்று ஆள் விட்டுக் கேட்டார். சினிமாக் கொட்டகைப் பலகையில் செய்து கொடுத்துவிட்டேன். கொஞ்சம் பெயின்டை ஓரத்தில் அப்படியே விட்டிருக்கிறேன், அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அதில் மீந்ததை இணைத்து ஒரு காரியம் செய்தேன். ஒரே நீளச் சட்டமாக்கி, ஒரு முனையை வாசல் நிலையில் திருகினேன், மறுமுனையை என் வேலை மேசையில் திருகினேன். கதவைத் தட்ட வேண்டாம், நிலையைத் தட்டவும் என்று வெளியே எழுதி ஒட்டினேன். தையற்காரரைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். மேசை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது! காதுக்கு வரவில்லை, கைக்கு வந்தது. மனிதரை மறுபடி மறுபடி தட்டச் சொன்னதில், அவர் சலித்துப்போய்த் தைக்கப் போய்விட்டார். நல்ல மரம் சின்னவளே, தட்டிய அதிர்வை நடுவில் எங்கும் விழுங்கவில்லை.

இனி உத்தரம், தூண் எதுவும் வாங்கமாட்டேன். கண்ணும் மூக்கும் போதுமென்கிற பலகை மட்டும்தான். இந்த ஒரு தடவை என் வாக்கை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு. உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை, கேட்கிறேன். பின்னறை இருக்கட்டும், திரைச்சீலையும் இருக்கட்டும், நான் விருந்தாளியாக வந்து தங்குகிறேன்.

நீயும் ஒரு நடை வந்துவிட்டுப் போ. இருந்துவிட வேண்டாம். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு நாலு நாள் வா. வருகிறேன் என்று போன் செய்யாதே. வந்து நிலையைத் தட்டு. மேலே, நடுவில், கீழே என்று மூன்று தட்டு. இந்தத் தெருவில் வேறு யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் நான் மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை, கையை அதன் மேல்தான் வைத்திருக்கிறேன்.

நீயும் உன் வீடும் உள்ளும் புறமும் உறுதியாக இருக்க வேண்டும்.

உன் அக்கா